186 கிழமைக் கதை

‘அஞ்சாம் பாகம் சரியா இழுபடுது. ஆனா முடிவு மட்டும் டக்கெண்டு வந்திட்டுது.’

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலை வாசித்து முடித்தவர்கள் யாழ்ப்பாணத்து வாசிகசாலை விறாந்தைகளில் சொல்லும் குறைகளில் இதற்குத்தான் முதலிடம். ஒரே வாயால் நீளம் என்றும் அவசரம் என்றும் சொல்வது முரண் போலத் தெரியும். ஆனால் இரண்டும் சரியான குறைகள்தான், இரண்டுக்கும் வேரும் ஒன்றுதான். அது கிழமைக்குக் கிழமை எழுதி அச்சேற்றிய கதை. புத்தகமானது பிறகு.

கணக்கைப் பாருங்கள். கல்கி இதழில் 1950 ஒக்ரோபர் 29ஆம் திகதி தொடங்கிய தொடர் 1954 மே 16ஆம் திகதி முடிந்தது. இரண்டு நாளும் ஞாயிறு. முதலையும் கடைசியையும் சேர்த்து எண்ணினால் 186 ஞாயிறு வரும். மொத்தம் 293 அத்தியாயம். அதாவது கிழமைக்குச் சராசரி ஒன்றரை அத்தியாயமும் கொஞ்சமும். புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91. மூன்றாம் நாலாம் பாகங்களைச் சேர்த்தாலே 92தான், ஐந்தாம் பாகமோ தனியே 91. புத்தகமாக வாங்கியவர் நாலு பாகத்தை முடித்து நிமிரும்போது, முந்தியதைப்போல இரட்டிப்புத் தடிப்பில் ஒன்று கையில் வருகிறது. அலுப்புத் தட்டாமல் என்ன செய்யும்? கிழமைக்குக் கிழமை வாசித்தவருக்கு அந்தத் தடிப்பே தெரிந்திருக்காது.

ஆகவே இந்த நாவலைப் பற்றி ஒருவர் என்ன சொல்கிறார் என்று கேட்க முன்னம், எப்படி வாசித்தார் என்று கேட்க வேண்டும். இதழ் வந்த காலத்திலேயே வாசித்தவர்கள், இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்த கட்டுப் புத்தகத்தில் வாசித்தவர்கள், ஐந்து பாகத்தையும் ஒரே விடுமுறையில் விழுங்கியவர்கள், 2022இலும் 2023இலும் வந்த படங்களைப் பார்த்துவிட்டுக் கதையைத் தேடி வந்தவர்கள் என்று நாலு கூட்டம் உண்டு. ஒரே வரியைக் காட்டி நாலு பேரும் நாலு விதமாக வாதிடுவார்கள்.

ஒட்டுக்கேட்கும் கதை

‘ஆரைப் பார்த்தாலும் மறைஞ்சு நிண்டு கேட்டுக்கொண்டே நிக்கினம்’ என்பது அடுத்த பெரிய குறை. இது பொய்யில்லை. முதற் பாகத்தின் ஆறாம் அத்தியாயமான ‘நடுநிசிக் கூட்ட’த்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அது எப்படி வேலை செய்கிறது என்று விளங்கும். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவு. பெரிய பழுவேட்டரையரும் சம்புவரையரும் மற்றச் சிற்றரசர்களும் கூடி அடுத்த பட்டம் யாருக்கு என்று பேசுகிறார்கள். கதாநாயகன் வந்தியத்தேவன் மேலே இருந்து கேட்கிறான். போதாததற்கு மதிற்சுவரின் மேல் ஒற்றன் ஆழ்வார்க்கடியானின் தலையும் தெரிகிறது. ஒரு சதி, அதைக் கேட்கும் ஒருவன், அவன் கேட்பதைப் பார்க்கும் இன்னொருவன். கூட்டத்தின் கடைசியில், பிந்திய அத்தியாயத்தில், அவர்கள் பட்டத்துக்கு நிறுத்தும் மதுராந்தகன் மூடுபல்லக்கிலிருந்து இறங்குகிறான்.

இதையே நூலாசிரியர் தன் குரலில் இரண்டு பக்கத்தில் விளக்கியிருக்கலாம். ஆனால் போன கிழமை இதழைத் தவறவிட்ட வாசகர் இந்தக் கிழமை வந்து அமர்ந்தால் அவரை உடனே கதைக்குள் இழுக்க வேண்டும். கதாநாயகனும் வாசகரும் ஒரே நேரத்தில், ஒரே துவாரத்தால் இரகசியத்தை அறிந்தால் அது நடந்துவிடும். மேலும் ஒட்டுக்கேட்பவனுக்கு எல்லாமே கேட்காது. காதில் விழாத பாதிதான் அடுத்த ஞாயிறு வரைக்குமான கயிறு. முதற் பாகத்தில் இந்த உத்தி மிகச் சுத்தமாக அமைந்திருக்கிறது. நாலாம் பாகத்துக்கு வரும்போது தேய்ந்துவிட்டது. தொடர்கதை என்ற சமாதானத்தை ஓரளவுக்குத்தான் சொல்லலாம். தூண் இருந்த இடமெல்லாம் ஆள் நிற்பதை அந்தச் சமாதானம் மூடாது.

‘சொன்னதையே திருப்பிச் சொல்லுது’ என்ற குறைக்கு மருந்து வாசிப்பவர் கையிலேயே இருக்கிறது. நாளுக்கு 20 அத்தியாயம் ஓடினால் முன்கதை நினைவூட்டல்கள் எரிச்சல் தரும். நாளுக்கு 2 வாசித்தால் அதே பந்திகள் கைகொடுக்கும். நாளுக்கு 3 என்றால் 98 நாளில் முடியும், 2 என்றால் 147 நாள். முதன்முறை வாசிப்பவருக்கு 2தான் சரி. அத்தியாயம் முடியும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட வேண்டும். ‘இன்னும் நாலு பக்கம்’ என்று அடுத்ததற்குள் போனால், கொக்கியை மாட்டியவர் இழுக்க முன்னமே நாமே கழற்றிவிடுகிறோம். வீட்டில் ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்பதானாலும் இதே அளவு போதும்.

கொப்பி ஒன்று வேண்டும்

நடுவில் விட்டவர்களில் கனபேர் விட்டது கதை பிடிக்காமல் இல்லை. பெயர் குழம்பித்தான். ஒருவருக்குப் பல பெயர்: அருள்மொழிவர்மன்தான் பொன்னியின் செல்வன், பின்னாளில் இராசராசன். சுந்தர சோழர்தான் இரண்டாம் பராந்தகர். ஒரு பெயருக்குப் பல ஆள்: பழுவேட்டரையர் இருவர், பராந்தகர் இருவர். மதுராந்தகன் என்ற பெயரில் என்ன சிக்கல் என்பது கடைசியில்தான் தெரியும்.

வாசிக்கத் தொடங்க முன்னம் கொப்பியில் ஒரு ஒற்றையில் இதை எழுதிக்கொள்ளுங்கள். விசயாலயர், அவர் மகன் ஆதித்தர், அவர் மகன் முதலாம் பராந்தகர். அவருடைய மக்களில் இராசாதித்தர் 949இல் தக்கோலப் போரில் இறந்தார். அடுத்தவர் கண்டராதித்தர், அவர் மனைவி செம்பியன் மாதேவி, மகன் மதுராந்தகன். இன்னொரு மகன் அரிஞ்சயர், அவர் மகன் சுந்தர சோழர். சுந்தர சோழரின் பிள்ளைகள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி. மூத்தவரான கண்டராதித்தரின் மகன் இருக்க, இளையவரான அரிஞ்சயரின் கொடிக்கு அரசு போனது முறையா? கதையின் அத்தனை சதியும் இந்தக் கேள்வியில் தொங்குகிறது. இது மனதில் நின்றால் பாதிக் குழப்பம் போய்விடும்.

அடுத்த ஒற்றையில் மூன்று நிரல் கீறுங்கள். இரகசியம், அதைச் சொன்னவர், அதைச் சொல்வதால் அவருக்கு என்ன நன்மை. இந்த மூன்றாவது நிரல்தான் முக்கியம். பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினியைப் பற்றி நடக்கும் வாதங்களில் பெரும்பாலானவை இது இல்லாததால் வளர்வன. (இன்னும் வாசிக்காதவர்கள் இந்தப் பந்தியையும் அடுத்த பந்தியையும் தாண்டிப் போகலாம்.) அவளுடைய பிறப்பைப் பற்றி அவளே ஒன்று நம்புகிறாள், அவளைச் சுற்றியிருப்பவர்கள் வேறு வேறு சொல்கிறார்கள், சொல்லும் ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை இருக்கிறது. தாய் யார் என்பதைக் கதை நிலைநாட்டுகிறது. தந்தை விடயத்தில் வாசகர்கள் இரண்டு பட்டு நிற்பதற்கு, யார் வாயால் கேட்டோம் என்பதைக் கவனிக்காமல் போவதே காரணம். நந்தினியை வெறும் சூழ்ச்சிக்காரி என்று ஒதுக்குபவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. 293 அத்தியாயத்தில் தன் காரணத்தைத் தானே தெளிவாக அறிந்து நடப்பவர்கள் குறைவு. அவள் அவர்களில் ஒருத்தி.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வியையும் இரண்டாகப் பிரித்துத்தான் கதைக்க வேண்டும். வரலாற்றில் யார், கதையில் யார். வரலாற்றுக்கு இருக்கும் கல், காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிசோழ பிரமாதிராசன் என்று துரோகிகளின் பெயர் சொல்லி, அவர்களுடைய உடைமை, உறவினருடைய உடைமை பற்றிய அரச ஆணையைத் தருகிறது. யார் ஏவினார்கள், ஏன் என்பது அதில் இல்லை. இவர்கள் பெயரில் சிலவற்றைத்தான் கதை எடுத்துக்கொண்டது. கதை தொடங்கும் வீரநாராயண ஏரிக்கு, இன்றைய வீராணத்துக்கு, பக்கத்திலேயே இந்தக் கல் இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கதைக்குள்ளோ ஐந்தாம் பாகத்தில் ‘காரிருள் சூழ்ந்தது!’, ‘நான் கொன்றேன்!’ என்ற இரண்டு அத்தியாயங்கள் அடுத்தடுத்து வரும். விளக்கு அணைந்த அறை. அதற்குப் பிறகு பழியைத் தன்மேல் போட்டுக்கொள்பவர்கள் ஒருவருக்கு மேல். கல்வெட்டு ஏவியவரைச் சொல்லாமல் விட்டது, கதை கத்தியைப் பிடித்த கையையே இருட்டில் விட்டது. இதற்குமேல் தீர்ப்புச் சொல்பவர்கள் தங்கள் விருப்பத்தைச் சொல்கிறார்கள்.

முடிவும் முடிவுரையும்

‘டக்கெண்டு முடிஞ்சுபோச்சு’ என்ற குறை இன்றைக்குப் பிறந்ததல்ல. தொடர் முடிந்தவுடனேயே வாசகர்கள் அதைத்தான் கேட்டார்கள். அதனால்தான் 91ஆம் அத்தியாயத்துக்குப் பின்னால் ஒரு முடிவுரை நிற்கிறது. கதையைத் திடீரென்று நிறுத்திவிட்டதாக நினைத்த வாசகர்களுக்கு ஆசிரியர் அங்கே மறுமொழி சொல்கிறார். குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் என்ன ஆயிற்று, வானதிக்கு என்ன ஆயிற்று, மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார். வாசகர் கருத்து ஒரு நாவலின் உடம்போடு சேர்ந்து அச்சாகியிருப்பதற்குத் தமிழில் இதைவிடத் தெளிவான சான்றைக் காட்டுவது கடினம்.

என் எண்ணத்தில், முடிவு அவசரமானது என்பதைவிட, அது வேறு ஆளுக்குக் கொடுக்கப்பட்டது என்று சொல்வதே பொருத்தம். நாவலின் பெயருக்குரியவன் அருள்மொழி. முதல் அத்தியாயத்தில் குதிரையில் வருபவன் வந்தியத்தேவன். ‘மலர் உதிர்ந்தது!’ என்ற கடைசி அத்தியாயமோ சம்புவரையர் மகள் மணிமேகலையுடையது. மூன்றரை ஆண்டு பட்டாபிடேகத்துக்குக் காத்திருந்தவருக்கு ஒரு பெண்ணின் சாவைக் கொடுத்து அனுப்பினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மறுமுறை வாசிக்கும்போது அந்த அத்தியாயம் தரும் துயரம் வேறு. யாருமே திரும்பிப் பார்க்காத ஒருத்திக்குக் கதை தன் கடைசிப் பக்கத்தைக் கொடுத்திருக்கிறது.

கட்டுப் புத்தகங்கள்

புத்தகப் பதிப்பில் தொலைந்துபோவது ஒன்று உண்டு. எந்த அத்தியாயங்கள் ஒரே கிழமையில் சேர்ந்து வந்தன, கிழமை எங்கே முறிந்தது என்பது அதில் தெரியாது. மேலே சொன்ன வாதங்கள் பலவற்றுக்குச் சான்று அந்த முறிவில்தான் இருக்கிறது. இதழிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்த கட்டுகளில் அது அப்படியே இருக்கும், மணியத்தின் படங்களோடு. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்தது. 1995இல் குடாநாட்டுச் சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டது. அதையெல்லாம் தாண்டி ஒரு வீட்டுப் பரணில் இப்படிக் கட்டு ஒன்று கிடந்தால் அதை நிறுத்து விற்பது பெரிய பிழை.

அந்தக் கட்டுகளில் என்னென்ன பழுதாகும் என்பது ஏறக்குறைய ஒரே மாதிரித்தான். இதழ்க் கடதாசி மலிவான மரக்கூழ். தன் அமிலத்தாலேயே பழுத்து, மடித்த இடத்தில் முறியும். தைத்த கம்பியை எடுக்காமல் கட்டியிருந்தால் கடற்காற்றில் துருவேறி, கம்பியைச் சுற்றிக் கடதாசி ஓட்டையாகும். பக்கத்தால் குத்தித் தைக்கும்போது உள் ஓரம் ஒரு சென்ரிமீற்றர் வரை தையலுக்குள் போய், வரிகளின் முதலெழுத்துகள் மறையும். கட்டியபின் மூன்று பக்கமும் ஒப்புரவாக வெட்டினால் ஓரத்தில் அச்சான பக்க எண்ணோ திகதியோ போய்விடும். அதற்குமேல் இராமபாணப் பூச்சியும் கறையானும்.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூச்சி இருக்கும் கட்டைத் தடித்த பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 18 பாகைக்குக் குறைவான உறைபெட்டியில் இரண்டு கிழமை வைக்கலாம். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்கக் கூடாது, திறந்தால் ஈரம் கடதாசியில் படியும். பிறகு மெல்லிய தூரிகையால் தட்டி எடுக்கவும். வெயிலில் பரப்பிக் காயவிடுவது நம்மிடம் உள்ள பழக்கம், ஆனால் இந்தக் கடதாசிக்கு வெயில் நஞ்சு. நிழலும் காற்றும் போதும்.

கிழிந்த ஒற்றைக்குச் செலோரேப் ஒட்டவே கூடாது. சில வருடத்தில் பிசின் மஞ்சளாகி எழுத்துக்குள் ஊறும், பிறகு கழற்ற வழியில்லை. கோதுமை மா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. முதலில் கொஞ்சத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மிச்சத்தையும் விட்டு, மெல்லிய நெருப்பில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடிபோல் வரும்போது இறக்கி ஆறவிட்டுத் துணியில் வடிக்கவும். இரண்டு நாளைக்குமேல் வைத்தால் புளிக்கும். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சிக்காக மயில்துத்தம் போடுவதுண்டு. அது மட்டைக்குச் சரி, பழைய ஒற்றைக்கு வேண்டாம். செம்பு உப்பு கடதாசியை இன்னும் சீக்கிரம் அரிக்கும். ஒட்டும் துண்டு மூலக் கடதாசியைவிட மெல்லியதாக இருக்கட்டும். தடித்த துண்டு ஒட்டினால் அதன் ஓரத்திலேயே மறுபடி கிழியும்.

றாக்கையைச் சுவரிலிருந்து நாலு விரலாவது தள்ளி வையுங்கள். மாரியில் பிளாஸ்ரிக் பைக்குள் இறுக்கிக் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். மறுபடி கட்டுவதானால் ஓரம் வெட்ட வேண்டாம் என்று கட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், சொல்லாவிட்டால் வெட்டத்தான் செய்வார். கட்டை அவிழ்க்கும் அந்த ஒரு முறைதான் ஒவ்வொரு ஒற்றையையும் படமெடுக்க வாய்ப்பு.

புதிதாக வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். 1999இல் கல்கியின் எழுத்து நாட்டுடைமையான பிறகு பல பதிப்புகள் வந்துவிட்டன. கடையில் நின்றபடியே மூன்றைப் பாருங்கள். ஐந்தாம் பாகத்தில் 91 அத்தியாயமும் முடிவுரையும் இருக்கின்றனவா? இரண்டாம் பாகத்தில் 38ஆம் அத்தியாயம் ‘சித்திரங்கள் பேசின’ முழுதாக இருக்கிறதா? அட்டையில் ‘சுருக்கம்’ என்ற சொல் எங்காவது சின்ன எழுத்தில் இருக்கிறதா? எல்லாப் பாகத்தையும் ஒரே மட்டைக்குள் அடக்கிய பதிப்பு மலிவுதான், ஆனால் விரித்து வைத்தால் முதுகு பிளக்கும், எழுத்தும் பொடி. வயதானவருக்கு வாங்கிக் கொடுப்பதானால் தனித்தனிப் பாகம்தான் நல்லது.

நம் பக்கத்துக் கரை

கிழமைக் கணக்கால் தீராத குறை ஒன்று இருக்கிறது. அது இந்தக் கரையில் இருந்து வாசிப்பவர்களுக்கே உறைக்கும்.

இரண்டாம் பாகத்தில் பூங்குழலி வந்தியத்தேவனைப் படகில் ஏற்றிக் கோடிக்கரையிலிருந்து கடல் கடக்கிறாள். 9ஆம் அத்தியாயத்தின் பெயரே ‘இது இலங்கை!’. ஆனால் 10 முதல் 24 வரை, 15 அத்தியாயம், கதை அக்கரைக்கே திரும்பிவிடுகிறது. தொடரின் சராசரி வேகத்தில் அது ஒன்பது பத்துக் கிழமை. 25இல் ‘மாதோட்ட மாநகரம்’. அங்கிருந்து காட்டுப் பாதை, இராஜபாட்டை, 34இல் அநுராதபுரம். இந்தப் பயணத்தை வாசிக்கும்போது வடபகுதிப் படம் ஒன்றைப் பக்கத்தில் விரித்து, மாதோட்டம் இருந்த திருக்கேதீச்சரத்தில் ஒரு புள்ளி வைத்து, அருவி ஆற்றின் வழியே மேலேறினால் அநுராதபுரம் வரும். நேர்கோட்டில் ஏறக்குறைய 80 கிலோமீற்றர்.

கடல் கடத்தலையும் அளந்து பாருங்கள். கோடிக்கரையிலிருந்து காங்கேசன்துறைக்கு நேர்கோட்டில் 50 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. தனியொருவர் துடுப்பு வலித்தால் மணிக்கு நாலைந்து கிலோமீற்றர். நீரோட்டம் இல்லையென்றாலும் பத்துப் பதின்மூன்று மணித்தியாலம். கதை ஆடிப்பெருக்கில் தொடங்குகிறது. அது சோளகக் காலம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம், தென்கிழக்கே போகும் படகை வலப்பக்கத்தால் அடித்து வங்கக் கடலுக்குள் தள்ளும். தொழில் தெரிந்தவர்கள் கரையைக் குறிவைக்காமல் அதற்கு மேற்கே குறிவைத்துத்தான் வலிப்பார்கள். இதை வைத்துப் பூங்குழலியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவள் செய்ததன் பெறுமதி இப்படி அளந்தால்தான் தெரியும். இங்கே அவளுக்கு இருக்கும் மதிப்பு நியாயமானது. இரண்டாம் பாகமே அவள் கையிலிருக்கும் துடுப்பில்தான் நகர்கிறது.

தொண்டைமானாறு என்ற பெயர் கதைக்குள் வரும்போது நம் வாசகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அது ஆறு இல்லை, கடல்நீரேரி என்று நமக்குத் தெரியும். அந்தப் பெயரைக் கருணாகரத் தொண்டைமானோடு சேர்த்துச் சொல்வது நம் மரபு. அவர் முதலாம் குலோத்துங்கனின் தளபதி, கலிங்கப் போரை வென்றவர். மரபுப்படி பார்த்தால் கதை நடக்கும் காலத்துக்கு நூறு வருடத்துக்கும் பிந்திய பெயர்.

இவை சின்ன விடயங்கள். பெரியது அநுராதபுரத்தில் இருக்கிறது. கதையில் அருள்மொழி இளவரசர். இடிந்த விகாரைகளைத் திருத்திக் கொடுக்கிறார், பிக்குகள் சிங்காதனத்தை நீட்டும்போது வேண்டாம் என்கிறார். வரலாற்றில் அவர் முடிசூடியது 985இல். அவர் படை ஈழத்துக்கு வந்தது 993ஐ ஒட்டி. அநுராதபுரம் அழிந்தது, பொலன்னறுவை சனநாதமங்கலம் ஆனது, மாதோட்டம் இராசராசபுரம் ஆனது. சோழப் படை விகாரைகளைக் கொள்ளையிட்டதை இலங்கையின் பாளி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, ‘அருள்மொழி இங்கே வந்து விகாரை கட்டினவர்’ என்று பள்ளிப் பிள்ளைகள் எழுதுவதைத் திருத்தியே ஆகவேண்டும். அந்த அரசவம்சத்தின் ஈழப் போரில் சுந்தர சோழர் காலத்துக்கு உறுதியான சான்று வேறு: கொடும்பாளூர்ப் பராந்தகன் சிறிய வேளாரைக் கல்வெட்டு ‘ஈழத்துப் பட்ட’ என்கிறது. இங்கே இறந்தவர். வானதியின் தந்தையாகக் கதை அவரைத்தான் எடுத்துக்கொள்கிறது.

‘சித்திரங்கள் பேசின’ அத்தியாயம் முழு நாவலிலும் நான் உயர்வாக வைப்பது. பேச்சு வராத மந்தாகினி தன் வாழ்வை வரைந்து காட்டுகிறாள். ஒட்டுக்கேட்டும் ஓலை கொடுத்தும் நகர்ந்த கதையில் முதன்முறையாக ஒருவருடைய உண்மை, வாய்ச்சொல் இல்லாமல் நேராக இன்னொருவருக்குப் போய்ச் சேருகிறது. அவள்கூட இந்த மண்ணவள் இல்லை. பூங்குழலி கோடிக்கரைப் பெண், மந்தாகினி அவளுடைய அத்தை. ஈழத்தில் நடக்கும் அத்தியாயங்களில் பிக்குகள் வருகிறார்கள், வீரர்கள் வருகிறார்கள், யானை வருகிறது. குடாநாட்டில் பிறந்து, இங்கே பாய் விரித்து, இங்கே வலை போட்டு வாழ்ந்த ஒருவர் பெயரோடும் முகத்தோடும் நெஞ்சில் நிற்கும்படி வரவில்லை. இந்தக் கரையில் இறங்கியவர்கள் தெற்கே விரைந்துவிடுகிறார்கள்.

கதைக்கு எடுக்க ஒன்றும் இல்லாத கரை இல்லை இது. நயினாதீவில் பொலன்னறுவை அரசன் முதலாம் பராக்கிரமபாகு வைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. கதைக் காலத்துக்கு இரண்டு நூற்றாண்டு பிந்தியது. பரதேசத்து வணிகர்கள் ஊராத்துறையில், நம் ஊர்காவற்றுறையில், வந்து கூட வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு கூறு அரச பண்டாரத்துக்கு, மூன்று கூறு உடையவனுக்கு. வாணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. குதிரையோடு கப்பல் உடைந்து ஊராத்துறையில் கரையொதுங்கிய வணிகன், பண்டாரத்து ஆளோடு மணலில் நின்று கூறு பிரிக்கிறான். அவனைச் சுற்றி நின்று பார்த்தவர்கள் நம் ஆட்கள்.